ஒண்ணும் ஆகாது மேஸ்திரி

அந்த மனுசனை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியும். அவரு செத்து எத்தனையோ வருசமாச்சு. செத்தவங்களைப் பத்திக் குறை பேசக்கூடாதும்பாங்க. பேசாம இருந்தா எனக்கு ஆறாது, அதனால பேசுறேன்.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் எங்க ஊருல பாதிப்பேருக்குத் தெரியாது. "ஒண்ணும் ஆகாது மேஸ்திரி"ன்னு சொல்லுங்க, பச்சைப்புள்ளை கூட வழி காட்டும். வெண்ணாத்துக்குத் தெக்கால, எங்க தெருவுல வெளிநாட்டுக் காசுல எழும்புன மாடிவீடு அத்தனையும் அவரு கட்டுனது. கட்டம் போட்ட கைலி, முண்டா பனியன், காதுல செருகுன பென்சில். கால்ல செருப்பு கிடையாது, சிமிட்டிக் கலவையில வெறுங்காலோடதான் நிப்பாரு. சுவத்து மேல ரசமட்டத்தை வச்சா உள்ள இருக்கிற குமிழி ஒரு பக்கமா ஒதுங்கும். "என்ன மேஸ்திரி, சாயுதே?"ன்னா ஒத்தைக் கண்ணை மூடிப் பாத்துட்டு, "பூச்சுல சரியாயிடும் தங்கச்சி, ஒண்ணும் ஆகாது"ம்பாரு. பூச்சுல சரியாயிடவும் செய்யும். அதுதான் அவர்கிட்ட உள்ள வம்பு. பத்துக்கு ஒம்போது தடவை அவரு சொன்ன மாதிரி ஒண்ணும் ஆகாது.

தன் உடம்புக்கும் அதே வைத்தியந்தான். சர்க்கரை வியாதி முத்திப்போன ஆளு, டீக்கடையில நின்னு "இன்னொரு கரண்டி போடுங்க மாஸ்டர்"ம்பாரு. கால்ல ஆணி குத்தி, புண்ணாயி, ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. பழத்தை வாங்கிக்கிட்டுப் பாக்கப் போனேன். "மீதி எட்டு இருக்குல்ல தங்கச்சி, ஒண்ணும் ஆகாது"ன்னு சிரிக்கிறாரு. கொண்டுபோன பழத்தாலயே அடிக்கலாமான்னு இருந்துச்சு.

ஆனா நியாயத்தையும் சொல்லணும்ல. குவைத்துல சண்டை வந்தப்போ என் வீட்டுக்காரரு அங்கதான் டிரைவரா இருந்தாரு. எங்க தெருவுல மட்டும் ஏழெட்டு வீட்டு ஆம்பளைங்க அங்க. கடுதாசி இல்ல, போன் இல்ல, ரேடியோவுல சொல்றது ஒண்ணும் புரியல. பொம்பளைங்க நாங்க தினம் தபாலாபீஸ் வாசல்ல போயி உக்காந்திருப்போம். பாதிப்பேரு நாகூருக்குப் போயி ஓதி ஊதுன தண்ணியைக் கொண்டு வருவாங்க, பாதிப்பேரு மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வைப்பாங்க. நான் ரெண்டையும் செஞ்சேன். வேலைக்குப் போற வழியில மேஸ்திரி சைக்கிளை நிறுத்துவாரு. ஹேண்டில்பார்ல இட்லிப் பொட்டலம் தொங்கும். "நீ பட்டினி கெடந்தா அங்க சண்டை நின்னுடுமா? சாப்பிடு. உன் புருசனுக்கு ஒண்ணும் ஆகாது, எழுதி வச்சுக்க." ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, என் வீட்டுக்காரரு வந்து சேர்ற வரைக்கும் தினம் சொன்னாரு. கடைசியில ஒத்தைப் பையோட, தாடியும் மீசையுமா அவரு பஸ்ஸை விட்டு எறங்குனப்போ, நான் சாமியைக் கும்பிடுறதுக்கு முன்னால மேஸ்திரியைத்தான் கும்பிட்டேன். அந்த ஆளு வாயில ஏதோ இருக்குன்னு அன்னைக்கு நம்புனேன்.

அந்த நம்பிக்கையிலதான் வீடு கட்ட அவரைக் கூப்பிட்டேன்.

அதுக்குள்ள என் வீட்டுக்காரரு மஸ்கட் போயிட்டாரு. அங்கேருந்து எழுதுறாரு, "ரூமோட சேந்த பாத்ரூம் வேணும், இங்க உள்ள மாதிரி உக்காந்து போற கக்கூஸ் வைக்கச் சொல்லு." எனக்கு அதைப் படிச்சு அழுகையே வந்துடுச்சு. ஏன்னு பொம்பளைங்களுக்குத் தெரியும். எங்க தெருவே விடியுறதுக்குள்ள வாய்க்கா கரைக்குப் போயி வந்துடணும். பகல்ல வயித்தை வலிச்சா பொழுது சாயிற வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு கெடக்கணும். மாசமா இருந்தப்பவும் நான் அப்படித்தான் கெடந்தேன். வீட்டுக்குள்ள ஒரு கதவு, அதுக்கு ஒரு தாப்பாள். அதுக்காக நான் எதை வேணாலும் கண்ணை மூடிக்கிட்டு விட்டுக் குடுத்திருப்பேன்.

விட்டும் குடுத்தேன். ஆனா என்னோடதை இல்ல.

கக்கூஸ்லேருந்து போறது முதல்ல ஒரு தொட்டியில விழும். கெட்டி அடியில தங்கும். மேல தெளியிற தண்ணி பக்கத்துல இருக்கிற உறிஞ்சு குழிக்குப் போகும். குழியில கலவை வைக்காம அடுக்குன செங்கல்லும் உடைகல்லும் இருக்கும், தண்ணியை மண்ணு குடிச்சுக்கும். மண்ணு குடிச்சாத்தான் எல்லாம். குடிக்கலன்னா அந்தத் தண்ணி எங்க போகும்? இதை யோசிக்கிறதுக்கு ஒரு நிமிசம் ஆகுமா? அந்த ஒரு நிமிசத்தை நாங்க செலவழிக்கல. எங்க யோசனையெல்லாம் மூலையைப் பத்தித்தான். வாசல் பக்கம் ஈசானிய மூலை, அங்க கழிவுத்தண்ணி ஆகாது. வாயு மூலைதான் சாஸ்திரம்னாங்க. வாயு மூலையில சுவத்துக்கு அந்தாண்ட பக்கத்து வீட்டு அக்காவோட அடிபம்பு. குழிக்கும் பம்புக்கும் நடுவுல ரெண்டு ஆளு நீளம், அவ்வளவு எடந்தான்.

அந்த அக்கா நடவு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போற அக்கா. புருசன் இல்ல, ஒரே பொண்ணு. அக்காவோட பம்பு இருவதடிக் குழாய்தான், ஆனா தண்ணி இளநியாட்டம் இருக்கும். வீடு கட்டி முடியுற வரைக்கும் கலவைக்கும் அந்தத் தண்ணிதான், எங்க வாய்க்கும் அந்தத் தண்ணிதான்.

குழி வெட்டுனது சித்திரை மாசம். ஆத்துல பொட்டுத் தண்ணி இல்ல, தரையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. மேஸ்திரி குழிக்குள்ள நாலு பேரல் தண்ணியை ஊத்தச் சொன்னாரு. ஊத்துன தண்ணி மாயமா மறைஞ்சுது. "பாத்தியா தங்கச்சி, பூமாதேவி எப்படிக் குடிக்கிறா!"

சத்தம் கேட்டு அக்கா வந்து எட்டிப் பாத்துச்சு. வெட்டிப் போட்ட மண்ணுல ஒரு கட்டியை எடுத்து, தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு, உள்ளங்கையில வச்சுத் திரிச்சு, வளைச்சு மோதிரமாட்டம் விரல்ல மாட்டிக்கிச்சு. ஒரு விரிசல் விடல.

"இங்க பாருங்க மேஸ்திரி, மோதிரம் செய்யலாம் இதுல. இந்தக் களி தண்ணி குடிக்காது. இப்ப போனது வெடிப்பு வழியா போனது. ஆத்துல தண்ணி வந்து, வயலெல்லாம் கட்டி நிக்கட்டும். ஐப்பசியில ஒரு முழம் தோண்டுனா ஊத்து கெளம்பும். அப்ப உங்க குழி எதைக் குடிக்கும்?"

"ஏம்மா, நீ நாத்து நடு, நான் வீடு கட்டுறேன். வல்லத்துல எத்தனை குழி எடுத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணும் ஆகாது."

வல்லமாம் வல்லம்! அவரு பூதலூர்ல பொறந்து, வல்லத்துச் செம்மண்ணுல தொழில் கத்துக்கிட்டவரு. அந்த மண்ணுல தண்ணி சல்லடையில ஊத்துனாப்புல எறங்கும். அங்க செஞ்சதை அப்படியே கொண்டாந்து எங்க களிமண்ணுல செஞ்சாரு. கோடையில குழி வெட்டிக் கோடையிலயே சோதனையும் பாத்துக்கிட்டாரு. இருவது வருசமா முட்டிக்கால் சேத்துல நிக்கிற பொம்பளைக்குத் தெரிஞ்சது, ரசமட்டம் வச்சிருக்கிற ஆம்பளைக்குத் தெரியல. தெரிஞ்சவ சொன்னதையும் காதுல போட்டுக்கல.

நான் நடுவுல நிக்கிறேன். என் வீடு, என் குழி. "இரு அக்கா, வேற எடம் பாப்போம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேற எடம்னா வாசல்தான். பின்னால காரு வாங்குனா நிறுத்துறதுக்குன்னு வச்சிருந்த எடம். வாயை மூடிக்கிட்டேன்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த பொம்பளைங்க சாமி ரூமை விட்டுட்டு பாத்ரூம் வாசல்ல வரிசையா நின்னாங்க. ஒருத்தி ஃப்ளஷை இழுத்துட்டு, தண்ணி வந்த வேகத்துல "ஐயையோ"ன்னு வெளிய ஓடி வந்தா. மேஸ்திரி பட்டு வேட்டி கட்டிக்கிட்டு மாப்பிள்ளையாட்டம் நின்னாரு. மொட்டை மாடி மழைத்தண்ணிக் குழாயைக் கூட அந்தக் குழியிலயே கொண்டுபோய் விட்டிருந்தாரு. "எல்லாத் தண்ணியும் ஒரே எடம், வாசல்ல சேறு ஆகாது பாரு"ன்னு பெருமை வேற. அதுதான் குழிக்கு வாய்க்கரிசின்னு எனக்கு அப்ப தெரியாது.

மொத வருசம் மழை பொய்ச்சுப் போச்சு, நாங்க தப்பிச்சோம். மறு வருசம் ஐப்பசி பொறந்ததும் பிடிச்சுது பாருங்க மழை. கக்கூஸ்ல தண்ணி ஊத்துனா குளுக் குளுக்னு சத்தம் வருது. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "காத்து போற சத்தம் தங்கச்சி, நல்லதுதான்." பாத்ரூம் தரையில தண்ணி வடியாம கணுக்கால் நனையுது. "முடி அடைச்சிருக்கும்." வேற எங்கயும் இல்லாத பச்சையில குழி மேல மட்டும் கோரை மொழுமொழுன்னு நிக்குது, பக்கத்துல வாழை ஆளுயரம் எகிறுது. "மண்ணு வளம், லட்சுமி கடாட்சம்." அந்த எடத்துல கால வச்சா சதக்னு உள்ள போகுது, கொசு மொய்க்குது, ஒரு வீச்சம் வருது. "மழைக்காலம்னா ஊரே அப்படித்தான இருக்கு? ஒண்ணும் ஆகாது." அந்த மனுசன் ஒரு தடவை கூட மூடியைத் தொறந்து பாக்கல. தொறந்திருந்தா வாய் வரைக்கும் நிக்கிறது தெரிஞ்சிருக்கும்.

அந்த வருசம் மஸ்கட்லேருந்து வாஷிங் மிஷினும் வந்து சேந்துச்சு. அந்தச் சோப்புத் தண்ணியும் அங்கதான்.

தீபாவளி கழிஞ்சு ரெண்டாம் நாளு, மழை விட்ட காலையில, அக்கா ஒரு சொம்பைத் தூக்கிக்கிட்டு எங்க வாசலுக்கு வந்துச்சு. பின்பக்கப் படி ஒண்ணு விரிஞ்சிருந்ததைப் பூச மேஸ்திரியும் வந்திருந்தாரு. அக்காவோட பொண்ணு வளைகாப்பு முடிஞ்சு தாய் வீட்டுக்கு வந்திருந்த சமயம். ஏழு மாசம், தலைப்பிரசவம். கை நிறைய கண்ணாடி வளையல், நடந்தா தெரு முனை வரைக்கும் சத்தம் கேக்கும்.

"மேஸ்திரி, நாலு நாளா என் பம்புத் தண்ணி நுரைக்குது. சோப்பு வாடை அடிக்குது. புள்ளைத்தாச்சி குடிக்கிற தண்ணி. ஒண்ணும் ஆகாதுன்னீங்களே, நீங்க குடிங்க பாப்போம்."

மேஸ்திரி கரண்டியைக் கீழ வச்சாரு. கையைக் கைலியில தொடைச்சுக்கிட்டுச் சொம்பை வாங்குனாரு. அண்ணாந்து, கடகடன்னு, பாதிச் சொம்பு குடிச்சாரு. வாயைத் தொடைச்சுக்கிட்டு, "நல்ல தண்ணிம்மா. மழைத்தண்ணி ஊறி எறங்குறது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் ஆகாது, புள்ளைக்குக் குடு"ன்னாரு. நடிப்பு இல்லங்க. மனசாரச் சொன்னாரு. அக்கா சொம்பைத் திருப்பி வாங்கிக்கிச்சு. அப்புறம் வீட்டுக்குப் போயிடுச்சு. போயி அந்தத் தண்ணியைத்தான் பொண்ணுக்குக் குடுத்துச்சு.

கார்த்திகை தீபத்தன்னைக்கு அந்தப் புள்ளை வாசல்ல விளக்கு வச்சுக்கிட்டிருந்தா. பக்கத்துல போனேன். கண்ணு ரெண்டும் மஞ்ச மஞ்சேர்னு இருக்கு. ஒரு வாரமா சோறு எறங்கல, வாந்தின்னு சொன்னாங்க, மசக்கைன்னு விட்டுட்டாங்களாம். கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க. நாலாம் நாளு புள்ளை நெனவு தப்பிடுச்சு. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் காரு பிடிச்சது மேஸ்திரிதான். முன் சீட்டுல உக்காந்து வழி முழுக்கத் திரும்பித் திரும்பி, "ஒண்ணும் ஆகாதும்மா, ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. நான் அக்கா பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்த வாயை ஒரு துணியை வச்சு அடைக்கணும்னு இருந்துச்சு எனக்கு.

தண்ணியால வர்ற காமாலை, வயித்துல புள்ளை இருக்கிறவங்களுக்கு வந்தா ரொம்பப் பொல்லாததுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. "எந்தத் தண்ணியம்மா குடிக்குது இந்தப் பொண்ணு?"ன்னு கேட்டாங்க. மொதல்ல குழந்தை போச்சு. மறுநாள் மதியம் அவளும் போயிட்டா. வளையலை எல்லாம் கழட்டி ஒரு பேப்பர்ல சுத்தி அக்கா கையில குடுத்தாங்க.

எங்க குழியாலதான் ஆச்சுன்னு யாரும் சோதிச்சு எழுதித் தரல. எனக்கு யாரும் எழுதித் தர வேண்டாம்.

மேஸ்திரி சுடுகாட்டுல நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாராம். அதை நான் பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா தை பொறந்ததும் எங்க எதிர்வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாரு. மாசியில அங்கயும் ஒரு குழி. அதே ஆழம், அதே மூலை, அதே களிமண்ணு. வெறி பிடிச்சவளாட்டம் ஓடிப்போயி கத்துனேன். "மேஸ்திரி, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? இன்னும் எத்தனை பேரைக் கொல்லப் போறீங்க?"

அவரு அதிர்ந்துகூடப் போகல. பாவமா என்னைப் பாத்தாரு. "என்ன தங்கச்சி இப்படிப் பேசுற? அந்தப் புள்ளை விதி முடிஞ்சு போச்சு. அதே தண்ணியைத்தான நான் குடிச்சேன்? எனக்கு என்ன ஆச்சு சொல்லு?"

ஒண்ணும் ஆகலங்க அவருக்கு. ஒரு தலைவலி கூட வரல. அதுதான் கொடுமை. அந்த அரைச் சொம்புத் தண்ணியை ஊரு முழுக்கச் சாட்சியாச் சொல்லிக்கிட்டே இன்னும் பத்துப் பன்னெண்டு வீடு கட்டுனாரு. திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் கூடப் பண்ணிக்கிட்டாரு. பத்திரிகை வந்துச்சு, கிழிச்சு அடுப்புல போட்டேன்.

அதுக்கப்புறம் நான் அந்தக் குழியை மூடினேன். தஞ்சாவூர்லேருந்து வெவரம் தெரிஞ்ச ஒரு இன்ஜினீயரைக் கூட்டியாந்து, வாசல்ல, காருக்குன்னு வச்சிருந்த எடத்துல, ஊத்து எட்டாதபடி தரைக்கு மேல இடுப்பளவு மணல் மேடு போட்டு, மோட்டார் வச்சு அதுக்குள்ள தண்ணியை விட்டேன். மழைக்குழாயைத் தனியாப் பிரிச்சேன். ஈசானிய மூலையில கக்கூஸ் தண்ணியான்னு சொந்தக்காரங்க பேசுனாங்க, பேசட்டும். இன்னைக்கும் எவ வீட்டுல அஸ்திவாரம் தோண்டுனாலும் போயி நிப்பேன். "ஐப்பசியில தோண்டிப் பாத்தியா? மண்ணைத் திரிச்சுப் பாத்தியா? பக்கத்து வீட்டுப் பம்பு எங்க இருக்கு? மூணு வருசத்துக்கு ஒருக்கா தொட்டியை லாரி வச்சு இழு, மனுசனை எறக்காத. குழி மேல டைல்ஸ் ஒட்டாத, காரை நிறுத்தாத. குளுக்குனு சத்தம் வந்தா அன்னைக்கே பாரு." என் முதுகுக்குப் பின்னால "கக்கூஸ் டீச்சர்"ங்கிறாங்க. சொல்லிட்டுப் போகட்டும். புள்ளைங்க அமெரிக்காவுல, சிங்கப்பூர்ல இருக்கு. வீட்டைப் பளபளன்னு கட்டிப் போட்டு, அடியில என்ன ஓடுதுன்னு ஒருத்தருக்கும் அக்கறை இல்ல. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும்.

இந்த ஆத்திரத்தையெல்லாம் நான் மேஸ்திரி தலையிலதான் இவ்வளவு நாளும் எறக்கி வச்சேன். ஆனா அந்தச் சொம்புக் கதையை நான் யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்ல. பாதிச் சொம்புதான் அவரு குடிச்சாரு.

மீதியை அக்கா என் பக்கம் நீட்டுச்சு. "நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு புள்ள. மேஸ்திரிக்கு நாக்கு செத்துப் போச்சு, சர்க்கரைக்காரரு. நீ சொன்னா நான் நம்புவேன்."

சொம்பு என் மூஞ்சிக்கு நேரா இருக்கு. வாடை எனக்கு வந்துச்சு. என் பாத்ரூம்ல நாலு நாளா அடிக்கிற அதே வாடை. என் வீட்டுல நூத்தம்பதடி போர் இருக்கு, மோட்டார் இருக்கு. "எங்க வீட்டுல பிடிச்சுக்க அக்கா"ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா தப்பு எங்க மேலன்னு ஆயிடும், குழியை இடிக்கணும், வாசலைத் தோண்டணும், மஸ்கட்டுக்கு எழுதணும். இவ்வளவும் அந்த ஒரு மூச்சுல என் மண்டையில ஓடுச்சு.

"இன்னைக்கு சஷ்டி விரதம்க்கா. பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாது"ன்னேன்.

காலையிலதான் நாலு இட்லி தின்னிருந்தேன்.

"ஐயோ, தெரியாம நீட்டிட்டேன் புள்ள, முருகன் மன்னிக்கட்டும்"னு அக்கா வெடுக்குன்னு சொம்பைப் பின்னால இழுத்து, கன்னத்துல போட்டுக்கிச்சு. போகத் திரும்புன அக்காவை நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அதான் மேஸ்திரி குடிச்சிட்டாருல்ல. ஒண்ணும் ஆகாதுக்கா."